அரசு மருத்துவமனைகளில் மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பு: கொல்கத்தா உணர்த்தும் உண்மைகள்

கொல்கத்தா: நோயாளியின் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை, அந்த மருத்துவரின் உயிரைக் காக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொல்கத்தாவிலிருந்து எழுந்து நாடு முழுவதும் ஒலித்தது. ஆர்.ஜி. கர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த 31 வயது முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட சம்பவமே அதற்குக் காரணம். அந்தக் குற்றம் ஒரு தனி மனிதரின் கொடுஞ்செயல் என்ற அளவில் முடிந்துவிடவில்லை. அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், பிற பணியாளர்கள் ஆகியோர் எத்தகைய சூழலில் கடமையாற்றுகின்றனர் என்பதையும் அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

மருத்துவமனையின் பின்னணி

வடக்கு கொல்கத்தாவின் பெல்காச்சியா பகுதியில் அமைந்துள்ள இம்மருத்துவமனைக்கு நீண்ட வரலாறு உண்டு. மருத்துவர் ராதா கோவிந்த கர் 1886-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளியே இதன் தொடக்கம். காலனி அரசின் உதவியை நம்பாமல், மக்களின் நன்கொடையால் வளர்ந்த நிறுவனம் இது. கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி என்று சில காலம் அழைக்கப்பட்ட இந்நிறுவனத்துக்கு, சுதந்திரத்துக்குப் பின்னர் 1948-இல் நிறுவனரின் பெயர் சூட்டப்பட்டது. 1958-இல் மாநில அரசு இதனை ஏற்றுக்கொண்டது.

கொல்கத்தா மருத்துவக் கல்லூரி, நீல் ரதன் சர்க்கார் (என்.ஆர்.எஸ்.) மருத்துவக் கல்லூரி, எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை ஆகியவற்றைப் போலவே, இங்கும் மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். மாவட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை அளிக்க இயலாதவர்கள் கொல்கத்தாவுக்கு அனுப்பப்படுவது வழக்கமாக உள்ளதால், படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் வருவோரின் எண்ணிக்கைக்கும் இடையிலான இடைவெளி நீங்கவில்லை.

2024 ஆகஸ்ட் 9: நிகழ்ந்தது என்ன?

நெஞ்சகநோய்ப் பிரிவில் இரண்டாம் ஆண்டு முதுநிலை பயின்றுவந்த அந்த மருத்துவர், நீண்ட நேரப் பணிக்கு இடையே ஓய்வெடுப்பதற்காகக் கருத்தரங்கக் கூடத்துக்குச் சென்றார். ஆகஸ்ட் 9-ஆம் தேதி காலை அவரது உடல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. மறுநாள், காவல்துறைக்கு உதவியாக ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் ‘சிவிக்’ தன்னார்வலர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

ஓய்வறை இல்லாத காரணத்தால் ஒரு மருத்துவர் கருத்தரங்கக் கூடத்தில் உறங்க நேர்ந்தது என்பதும், மருத்துவமனைக்குள் எந்த நேரத்திலும் நுழையக்கூடியவராக ஒரு தன்னார்வலர் இருந்தார் என்பதும் மருத்துவர்களிடையே பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தின. ஆகஸ்ட் 13-ஆம் தேதி கல்கத்தா உயர் நீதிமன்றம் வழக்கின் விசாரணையைச் சிபிஐ-க்கு மாற்றி உத்தரவிட்டது. ஆகஸ்ட் 14-ஆம் தேதி நள்ளிரவில், சுதந்திர தினம் பிறக்கும் வேளையில், இரவை மீட்டெடுப்போம் என்ற முழக்கத்துடன் ஆயிரக்கணக்கான பெண்கள் மாநிலம் முழுவதும் வீதிகளில் திரண்டனர். அதே இரவில் ஒரு கும்பல் ஆர்.ஜி. கர் மருத்துவமனைக்குள் புகுந்து அவசர சிகிச்சைப் பிரிவைச் சூறையாடியது. இந்திய மருத்துவச் சங்கத்தின் அழைப்பை ஏற்று, ஆகஸ்ட் 17-ஆம் தேதி காலை 6 மணி முதல் 24 மணி நேரத்துக்கு, அவசர சிகிச்சை தவிர்த்த பிற சேவைகளை நாடு முழுவதும் மருத்துவர்கள் நிறுத்திவைத்தனர்.

2025 ஜனவரி 18-ஆம் தேதி சியால்டா நீதிமன்றம் அந்தத் தன்னார்வலரைக் குற்றவாளி என அறிவித்து, ஜனவரி 20-ஆம் தேதி, வாழ்நாள் முழுவதும் சிறையில் இருக்கும் வகையில் ஆயுள் தண்டனை விதித்தது. அரிதினும் அரிதான வழக்கு என்ற வரையறைக்குள் இது வரவில்லை எனக் கூறி, மரண தண்டனைக் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. மாநில அரசு 17 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் எனவும் உத்தரவிட்டது. இழப்பீட்டை ஏற்க மறுத்த பெற்றோர், தங்களுக்கு வேண்டியது நீதியே என்றனர்.

உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிய குறைகள்

இந்த விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வின் முன் ஆகஸ்ட் 20-ஆம் தேதி விசாரணையை நடத்தியது. அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவில், மருத்துவமனைகளின் அன்றாட நிலை பட்டியலிடப்பட்டது.

இரவுப் பணியாளர்களுக்குப் போதிய ஓய்வறைகள் இல்லை. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி அறைகள் என்பதோ பல இடங்களில் எட்டாக்கனி. பயிற்சி மருத்துவர்களும் உறைவிட மருத்துவர்களும் 36 மணி நேரம் வரை தொடர்ந்து பணியாற்ற வேண்டியுள்ளது. பல இடங்களில் கழிப்பறை வசதிகூட முறையாக இல்லை. விடுதிகள் மருத்துவமனையிலிருந்து தொலைவில் உள்ளன. இரவில் சென்று வரப் போக்குவரத்து வசதி இல்லை. கண்காணிப்பு கேமராக்கள் இல்லை அல்லது இயங்குவதில்லை. நோயாளிகளின் உறவினர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளிட்ட இடங்களுக்கும் தடையின்றி வந்து செல்கின்றனர். நுழைவாயிலில் ஆயுதச் சோதனை இல்லை. வளாகத்தின் பல பகுதிகள் இருளில் கிடக்கின்றன. இவையே அந்தப் பட்டியலின் சாரம்.

1973 நவம்பரில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை 42 ஆண்டுகள் நினைவிழந்த நிலையில் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் துயரத்தையும் நீதிமன்றம் நினைவுகூர்ந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் பணியிடப் பாதுகாப்பு ஒரு கோரிக்கையாகவே நீடிப்பதை இது காட்டுகிறது.

கடற்படையின் மருத்துவப் பிரிவுத் தலைமை இயக்குநராக இருந்த துணை அட்மிரல் ஆர்த்தி சரின் உள்ளிட்டோர் இடம்பெற்ற தேசியப் பணிக்குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. ஆர்.ஜி. கர் வளாகத்தின் பாதுகாப்பு மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

தாக்குதல் ஏன் நிகழ்கிறது?

மருத்துவமனை வன்முறை கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. 2019 ஜூன் 10-ஆம் தேதி என்.ஆர்.எஸ். மருத்துவமனையில் 75 வயது நோயாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, அவரது தரப்பைச் சேர்ந்த கும்பல் பயிற்சி மருத்துவர்களைத் தாக்கியது. அதில் ஒருவருக்கு மண்டை ஓட்டில் முறிவு ஏற்பட்டது. ஒரு வாரம் நீடித்த வேலைநிறுத்தம், ஜூன் 17-ஆம் தேதி தலைமைச் செயலகமான நபன்னாவில் முதலமைச்சர் மம்தா பானர்ஜியுடன் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் முடிவுக்கு வந்தது. மருத்துவமனைதோறும் பாதுகாப்புக்கெனக் காவல்துறைப் பொறுப்பு அதிகாரி நியமிக்கப்படுவார் என அப்போது உறுதியளிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 2024 செப்டம்பர் இறுதியில் காமார்ஹாட்டியில் உள்ள சாகர் தத்தா மருத்துவக் கல்லூரியில் நோயாளி ஒருவர் இறந்ததை அடுத்து மருத்துவர்களும் செவிலியர்களும் மீண்டும் தாக்கப்பட்டனர்.

இச்சம்பவங்களில் ஒரு பொதுத்தன்மை தென்படுகிறது. பெரும்பாலான தாக்குதல்கள் அவசர சிகிச்சைப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ, ஒரு மரணத்தை அடுத்த சில நிமிடங்களில் நிகழ்கின்றன. அந்த நேரத்தில் உறவினர்களின் எதிரே நிற்பவர் மூத்த பேராசிரியர் அல்லர். பயிற்சி மருத்துவரோ, பணிச் செவிலியரோ, வார்டு உதவியாளரோதான். படுக்கை இல்லை என்றும், மருந்து இல்லை என்றும், பரிசோதனைக் கருவி பழுது என்றும் அறிவிக்க வேண்டிய பொறுப்பும் அவர்களையே சாரும். நிர்வாகத்தின் பற்றாக்குறைக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயாளிகளின் தரப்பிலும் நியாயமான வேதனை உண்டு. மாவட்டத்திலிருந்து பல மணி நேரம் பயணித்து வரும் குடும்பம், ஒரு மருத்துவமனையில் இடமில்லை என்று அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதும், அங்கும் இடம் கிடைக்காமல் அலைவதும் கொல்கத்தாவில் அன்றாடக் காட்சி. படுக்கை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் தரகர்கள் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றனர். தேசிய சுகாதாரக் கணக்கு மதிப்பீட்டின்படி, 2021-22-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலுத்தினர். அதே ஆண்டில் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதமாக இருந்தது. இதனை 2025-க்குள் 2.5 சதவீதமாக உயர்த்துவதே 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வகுத்த இலக்கு.

உலக அளவிலும் இச்சிக்கல் உள்ளது. மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதத்தினர் தங்கள் பணிக்காலத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

இரவுப் பணியும் அச்சமும்

ஆர்.ஜி. கர் சம்பவத்துக்குப் பின் இந்திய மருத்துவச் சங்கம் இணையவழியில் நடத்திய கணக்கெடுப்பில் 3,885 மருத்துவர்கள் பதிலளித்தனர். அவர்களில் ஏறத்தாழ 35 சதவீதத்தினர் இரவுப் பணியில் பாதுகாப்பின்மையை உணர்வதாகத் தெரிவித்தனர். 45 சதவீதத்தினர், இரவுப் பணியின்போது தங்களுக்குப் பணியறையே இல்லை என்றனர்.

உறைவிட மருத்துவர்களின் பணி நேரம் வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என 1992-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு வழிகாட்டியுள்ளது. எனினும், அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய்ந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்றும், வார விடுப்பு ஒரு நாள் கட்டாயம் என்றும் 2024-இல் பரிந்துரைத்தது. உறக்கமின்மை மருத்துவரை மட்டுமின்றி அவரிடம் சிகிச்சை பெறும் நோயாளியையும் பாதிக்கும் என்பதால், இது பணியாளர் நலன் சார்ந்த கோரிக்கை மட்டுமல்ல.

மேற்கு வங்க அரசு, ‘ராத்திரேர் சாத்தி’ (இரவுத் துணை) என்ற பெயரில் 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி சில நடவடிக்கைகளை அறிவித்தது. பெண்களுக்குத் தனி ஓய்வறை, கண்காணிப்பு கேமராக்கள், பெண் தன்னார்வலர்கள் போன்றவற்றுடன், இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும் என்ற குறிப்பும் அதில் இடம்பெற்றது. இக்குறிப்பை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 17-ஆம் தேதி கடுமையாக விமர்சித்தது. பாதுகாப்பு அளிப்பதே அரசின் கடமை; பெண்கள் இரவில் பணியாற்றக் கூடாது எனக் கூற இயலாது என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அந்தக் குறிப்பைத் திருத்துவதாக மாநில அரசு ஒப்புக்கொண்டது.

இளநிலை மருத்துவர்களின் போராட்டம்

மேற்கு வங்க இளநிலை மருத்துவர் முன்னணியின் பணிப் புறக்கணிப்பு 42 நாள்கள் நீடித்தது. செப்டம்பர் 16-ஆம் தேதி முதலமைச்சருடன் நடந்த பேச்சுவார்த்தையை அடுத்து, கொல்கத்தா காவல் ஆணையரும் சுகாதாரத் துறையின் இரு உயர் அதிகாரிகளும் மாற்றப்பட்டனர். செப்டம்பர் 21-ஆம் தேதி அத்தியாவசிய சேவைகளுக்கு மருத்துவர்கள் திரும்பினர். சாகர் தத்தா மருத்துவமனைத் தாக்குதலை அடுத்து அக்டோபர் 1-ஆம் தேதி மீண்டும் முழுப் புறக்கணிப்பு தொடங்கியது. அக்டோபர் 4-ஆம் தேதி அதைக் கைவிட்ட மருத்துவர்கள், மறுநாள் முதல் தர்மதலாவில் காலவரையற்ற உண்ணாவிரதத்தைத் தொடங்கினர். துர்கா பூஜைத் திருவிழாவின் ஒளி வெள்ளத்துக்கு இடையே நடந்த அந்த உண்ணாவிரதம், அக்டோபர் 21-ஆம் தேதி முதலமைச்சருடனான சந்திப்புக்குப் பின் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அவர்கள் முன்வைத்த பத்துக் கோரிக்கைகளில் கொல்லப்பட்டவருக்கு நீதி என்பது முதலாவது. மற்றவற்றுள் பல, நோயாளிகளின் நலனோடு நேரடியாகத் தொடர்புடையவை: நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் முன் அங்கு இடம் உள்ளதா என உறுதிசெய்யும் மையப்படுத்தப்பட்ட பரிந்துரை முறை, காலிப் படுக்கைகளை அனைவரும் அறியும்படி காட்டும் மின்னணுப் பலகை, மருத்துவர், செவிலியர், சுகாதாரப் பணியாளர் காலியிடங்களை நிரப்புதல், கல்லூரிகளில் நிலவும் மிரட்டல் கலாசாரத்துக்கு முடிவு, மாணவர் பேரவைத் தேர்தல் ஆகியவை அவற்றுள் சில. பரிந்துரை முறைக்கான முன்னோட்டத் திட்டம் 2024 அக்டோபர் 15-ஆம் தேதி சோனார்பூர் ஊரக மருத்துவமனையில் தொடங்கப்பட்டது.

போராட்டத்தின் விலை குறித்தும் சர்ச்சை எழுந்தது. சிகிச்சை தடைபட்டதால் 29 பேர் உயிரிழந்ததாகக் கூறிய மாநில அரசு, அவர்களது குடும்பத்துக்குத் தலா 2 லட்சம் ரூபாய் அறிவித்தது. மூத்த மருத்துவர்கள் பணியில் இருந்தனர் என்றும், அவசர சிகிச்சை நிறுத்தப்படவில்லை என்றும் இளநிலை மருத்துவர்கள் அக்குற்றச்சாட்டை மறுத்தனர். பயிற்சி பெறுவோர் விலகியதும் ஒரு மாநிலத்தின் மருத்துவமனைகள் தள்ளாடுகின்றன என்றால், அவர்களின் உழைப்பை எந்த அளவுக்கு அமைப்பு சார்ந்திருக்கிறது என்பதையே அது உணர்த்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதால், மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கு மாநிலங்கள் தனித்தனியே சட்டம் இயற்றியுள்ளன.

* மேற்கு வங்கம்: 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவப் பணியாளர்கள் மீதான தாக்குதல் பிணையில் வெளிவர முடியாத குற்றம்.

* தமிழ்நாடு: 2008-ஆம் ஆண்டுச் சட்டம், 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு வகை செய்கிறது.

* கேரளம்: 2023 மே 10-ஆம் தேதி கொட்டாரக்கரா வட்ட மருத்துவமனையில், காவல்துறையினர் அழைத்துவந்த நபரால் இளம் பயிற்சி மருத்துவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் திருத்தப்பட்ட சட்டத்தில், கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டுகள் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படும்.

* மத்திய அரசு: கொரோனா காலத்தில் 2020-இல் திருத்தப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், இதேபோன்ற தண்டனைகளை விதித்ததுடன் 30 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் எனவும் வரையறுத்தது. ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

நாடு முழுமைக்கும் பொருந்தும் தனிச் சட்டத்துக்கான வரைவு மசோதா 2019-இல் வெளியிடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. 2024 ஆகஸ்ட் சம்பவத்துக்குப் பின் அக்கோரிக்கை மீண்டும் வலுத்தது. எனினும், மாநிலச் சட்டங்களும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளும் போதுமானவை. தனியான மத்தியச் சட்டம் தேவையில்லை என்று தேசியப் பணிக்குழு தனது அறிக்கையில் தெரிவித்தது. இந்திய மருத்துவச் சங்கம் இதனை ஏற்கவில்லை. பணியாளர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே காவல்துறையில் புகார் அளித்து முதல் தகவல் அறிக்கை பதிவாகச் செய்ய வேண்டும் என மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அறிவுறுத்தியது. தாக்கப்பட்டவரே காவல் நிலையத்துக்கு அலைய வேண்டிய நிலையை மாற்றுவதே இதன் நோக்கம்.

தமிழ்நாட்டின் அனுபவம்

கடுமையான சட்டம் மட்டுமே தாக்குதலைத் தடுத்துவிடாது என்பதற்குத் தமிழ்நாடும் சான்று. 2024 நவம்பர் 13-ஆம் தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய்த் துறை மருத்துவர் ஒருவரை, நோயாளியின் மகன் புறநோயாளிகள் பிரிவிலேயே கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். பட்டப்பகலில், நாட்டிலேயே கடுமையான தண்டனை விதிக்கும் சட்டங்களில் ஒன்று நடைமுறையில் உள்ள மாநிலத்தில் இது நிகழ்ந்தது. கத்தியுடன் ஒருவர் மருத்துவரின் அறைவரை செல்ல முடிந்தது எப்படி என்பதே அதன் பின்னர் எழுந்த முதன்மையான கேள்வி.

தடுப்பதற்கான வழிகள்

தண்டனை குற்றத்துக்குப் பின் வருவது. தடுப்பு அதற்கு முன் செய்ய வேண்டியது. உச்ச நீதிமன்றம் பணிக்குழுவுக்கு வகுத்தளித்த செயல்திட்டத்தில் தடுப்பு நடவடிக்கைகளே முதன்மை பெற்றன.

முதலாவதாக, எல்லா இடங்களுக்கும் ஒரே அளவிலான பாதுகாப்பு பொருந்தாது. அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை, பிரசவப் பிரிவு ஆகியவற்றில் மோதல் நிகழும் வாய்ப்பு அதிகம் என்பதால் அங்குக் கூடுதல் காவலர்கள் தேவை. இரண்டாவதாக, உடன் வருவோரின் எண்ணிக்கையை வரையறுத்து அடையாள அட்டை வழங்குவதும், நுழைவாயிலில் உடைமைகளைச் சோதிப்பதும். மூன்றாவதாக, பூட்டக்கூடிய ஓய்வறை, தூய்மையான கழிப்பறை, வளாகம் முழுவதும் விளக்கு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து வசதி. நான்காவதாக, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பாதுகாப்புத் தணிக்கை. அதில் மருத்துவர்களுடன் செவிலியர்களும் பிற பணியாளர்களும் இடம்பெறும் குழு. பெண்கள் மீதான பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள் புகார்க் குழு ஒவ்வொரு மருத்துவமனையிலும் இயங்க வேண்டும்.

இவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, துயரச் செய்தியைத் தெரிவிக்கும் பயிற்சி. நோயாளியின் நிலை மோசமாகும்போதே உறவினர்களுக்குப் படிப்படியாக விளக்குவதும், மரணத்தை வார்டின் நடுவே அல்லாமல் தனி அறையில் அமரவைத்துத் தெரிவிப்பதும், அப்போது மூத்த மருத்துவர் ஒருவர் உடனிருப்பதும் பெரும் செலவை வேண்டாதவை. ஆனால் அதற்கும் நேரம் வேண்டும். நேரத்துக்குப் போதிய ஆட்கள் வேண்டும். ஆகவே பாதுகாப்புப் பற்றிய விவாதம் இறுதியில் பணியிடங்களை நிரப்புவது பற்றிய விவாதமாகவே வந்து நிற்கிறது.

மக்களின் நன்கொடையால் 1886-இல் தொடங்கிய ஒரு மருத்துவ நிறுவனத்தில், மக்களுக்காக இரவு முழுவதும் விழித்திருந்த ஒருவர் சற்றே கண்ணயர இடம் தேடியதுதான் அந்த ஆகஸ்ட் இரவின் தொடக்கம். கேமராக்களையும் காவலர்களையும் கணக்கிடும் ஆய்வு அறிக்கைகள் ஒருபுறம் இருக்க, அடுத்த இரவுப் பணிக்கு வரும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓர் அறை உள்ளதா என்பதே, அரசு மருத்துவமனைகள் மாறியுள்ளனவா என்பதை அறிய உதவும் எளிய அளவுகோலாகும்.